சந்து வாயில் ஒரு பந்தல்

எழுபத்தெட்டாம் வருஷத்துத் தை மாதப் பனியில், கல்கத்தா பாலிகஞ்ச் ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த குளம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நடுவிலிருந்து வாத்துகள் சீட்டியடிக்கும். அப்போதுதான் வீரராகவனுக்கு உயிர் வரும். வங்கி அதிகாரி, ஐம்பது வயது மனுஷர், காலை வேளைகளில் தூக்கத்தில் நடப்பவர் மாதிரி கரையில் நிற்பார்.

இரண்டு மாதமாக லாரி வந்து குளத்தில் செங்கல் இடிபாடு கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு காண்ட்ராக்டர் தூர்த்து வீடு கட்டப் போகிறானாம். வீரராகவன் உடனே ஒரு பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார். உறுப்பினர் மூன்றே பேர், மூவரும் தமிழர். சொத்து ஒரு டைப்ரைட்டர். கல்கத்தாத் தமிழர்களுக்கு டைப்ரைட்டர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை! மாநகராட்சிக்குப் பதினான்கு மனு அடித்தார். ஒரு கமா தப்பியிருக்காது. பதில்தான் வரவில்லை.

"ஏன்னா, அந்தக் குளத்துல மீன் பிடிக்கறவா, துணி துவைக்கறவால்லாம் இருக்காளே, அவாகிட்ட ஒரு வார்த்தை பேசினேளா?" என்றாள் மனைவி ராஜலக்ஷ்மி.

"அவாளுக்கு மனு எழுதத் தெரியுமோ?"

"உங்களுக்கு லாரியை நிறுத்தத் தெரியுமோ?"

மனுஷருக்குச் சுருக்கென்றது. மறுநாள் பனி விலகுமுன் மீனவன் நிதாயின் குடிசை வாசலில் போய் நின்றார். இருபது வருஷமாக நடக்கிற வழி. பேச்சுக் கொடுத்தது அன்றுதான். அரைகுறை வங்காளத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க, பாபு?" என்று நிதாய் சிரித்தான். "குளம் போனா எங்க வயிறும் போச்சு. தனியா என்ன பண்றதுன்னுதான் உட்கார்ந்திருந்தோம்."

அவன் சலவைக்காரர்களைக் கூப்பிட்டான். அவர்கள் தெருக் கிளப் ஆட்களைக் கூப்பிட்டார்கள். கிளப்பில் அந்த வாரம் சரஸ்வதி பூஜை; வங்காளிகளுக்கு அது தையில்தான். பந்தலுக்கு மூங்கில் வந்துவிட்டது, இடம்தான் முடிவாகவில்லை. குளத்துக்குப் போக இருப்பதோ ஒரே சந்து.

"சந்து வாயிலேயே பந்தலைப் போட்டுட்டா?" என்றான் ஒருவன்.

போட்டார்கள். மீன் வலைதான் அலங்காரம், சலவைக்கு வந்த வேட்டிகள்தான் மேற்கட்டி. அதில் வீரராகவனுடையதும் ஒன்று! லாரி வந்தது, ஹாரன் அடித்தது. கல்கத்தாவில் பூஜைப் பந்தலைப் பிரிக்க எவனுக்குத் தைரியம் வரும்? பனிக்குள்ளேயே பின்வாங்கிப் போய்விட்டது. பந்தல் நின்ற நான்கு நாளில் முந்நூறு பேர் மனுவில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மாநகராட்சி அதிகாரி நேரில் வந்து, தூர்ப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்.

"சங்கத்துக்கு யார் தலைவர்?" என்று கேட்டார் அவர்.

எல்லோரும் வீரராகவனைப் பார்த்தார்கள். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணு பேரா இருந்தப்போ நான்தான் தலைவர், சார். ஒண்ணும் நடக்கலை. ஆள் பத்தலைன்னு அழுதேனே தவிர, பக்கத்துல இருந்தவாளைக் கூப்பிடத் தோணலை. எல்லாருக்கும் சொந்தமான குளத்தை எல்லாரும் சேர்ந்தாதான் காப்பாத்த முடியும். இனிமே தலைவர் யாருன்னு இவாளைக் கேளுங்கோ."