கணினி இல்லாத வீட்டுக்கு ஓர் இணைப்பு

புது வீட்டில் வரைபடக்காரிக்கு ஒரே ஒரு குறைதான். பழைய இணையக் கம்பெனியின் கம்பி அந்தத் தெருவுக்கு வரவில்லை.

பூமிக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களுக்குப் படம் போடுவது அவள் தொழில். எங்காவது குழாய் உடைந்தால், குடிநீர் அலுவலகத்து ஆட்கள் வெளியிலிருந்தபடியே அவள் வீட்டுக் கணினிக்குள் வந்து அந்தத் தெருவின் படத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணினியில் ஓடுவது யூனிக்ஸ். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. என்ன வேண்டுமோ அதைத் தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும். பதினெட்டு வருடமாக அவளுக்கும் அதற்கும் மனஸ்தாபம் வந்ததில்லை.

ரயில் ஓட்டும் கணவர் வாரத்தில் பாதி நாள் தண்டவாளத்தில் இருப்பார். மிச்ச நேரம் வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முகம் தெரியாத ஒருவருடன் இணையத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். அவசரம் அவருக்கும் இருந்தது.

முதல் கம்பெனியின் ஆள் பெட்டியும் கம்பியுமாக வந்தார். கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல எங்க சாஃப்ட்வேர் ஏறாதுங்களே."

"சாஃப்ட்வேரே வேண்டாங்க. கம்பியை மட்டும் குடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"அது ஏறினாத்தாங்க வேலை முடிஞ்சதா அர்த்தம்."

படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நகலை எடுத்துப் படித்தாள். "வாடிக்கையாளரிடம் கணினி இல்லை." அதை எழுதியபோது அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஃபோன் போட்டாள். "மேடம், உங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்லைன்னு பதிவாகியிருக்கு. வாங்கினதும் கூப்பிடுங்க" என்றார்கள்.

இரண்டாவது கம்பெனி கேள்வியே கேட்காமல் இணைப்பு கொடுத்தது. மாமியார் குதிரையை நகர்த்தினார். ஆனால் அந்தக் கம்பெனி, வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் வரும் வழிகளையெல்லாம் அடைத்து வைத்திருந்தது. மூன்றாம் நாள் எங்கோ குழாய் உடைந்தது. படம் திறக்காததால் தெருவின் தப்பான பக்கத்தைத் தோண்டிவிட்டார்கள். மூன்று கடைக்காரர்கள் பள்ளத்தின் மேல் பலகை போட்டுத் தங்கள் கடைக்குள் போய்வந்தார்கள்.

உதவி எண்ணை அழைத்தாள். இளம்பெண் ஒருத்தி எடுத்தாள்.

"ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க மேடம்."

"எங்கிட்ட ஸ்டார்ட் பட்டன் கிடையாதும்மா."

"இடது பக்கம் கீழே பாருங்க."

"கீழே மேசைதான் இருக்கு."

குழாய், படம், அடைத்த வழி, பலகை எல்லாவற்றையும் விளக்கினாள். மறுமுனை பொறுமையாகக் கேட்டது.

"புரியுது மேடம். இப்ப ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க."

இப்படியே மூன்று தடவை. நான்காவது தடவை மாமியார் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "நீ உண்மையே பேசிட்டிருந்தா இது ஆகற காரியமில்ல" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அமுக்கியாச்சும்மா... ஆமா, வந்துடுச்சு... நீலமா இருக்கு... அதையும் அமுக்கிட்டேன்." கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருபத்துமூன்று படிகளையும் முடித்தார்.

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "அம்மா, கேட்டா கோவிச்சுக்காதீங்க. உங்க முன்னாடி கம்ப்யூட்டரே இல்லதானே?"

"இல்ல" என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல். "எப்படித் தெரிஞ்சுது?"

"இருபத்துமூணாவது படி எங்க லிஸ்ட்லயே கிடையாதும்மா. சும்மா சொல்லிப் பார்த்தேன். முன்னாடி பேசின மேடம்கிட்ட குடுங்க."

வரைபடக்காரி வாங்கிக்கொண்டாள்.

"யூனிக்ஸா மேடம்?"

"ஆமா."

"வேற கம்பெனி பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. பேசறது எல்லாம் பதிவாகுது."

"சரிம்மா."

"ஆனா பூட்டு ரிப்பேர் பண்ணணும்னா, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பூட்டுக்கடை இருக்கு. மாடிப்படி வெளிப்பக்கமா இருக்கும். எங்க வீட்ல நாலு வருஷமா அந்த மாடிப் பூட்டுதான். ஒரு நாளும் தகராறு பண்ணினதில்ல."

மறுநாள் காலையிலேயே பூட்டுக்கடை மாடியேறினாள். கதவே தெரியாத அளவுக்குக் கம்பிச்சுருள்கள். நடுவில், கம்பத்திலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒருவர். அந்த மாடி இணையக் கம்பெனியே அவர்தான்.

"என்ன ஓடுது?"

"யூனிக்ஸ்."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "எத்தனை வழி திறக்கணும்?"

"ரெண்டு. மாறாத இணைய முகவரி ஒண்ணு வேணும்."

"சாயங்காலம் வரேன்."

அவள் அங்கேயே நின்றாள்.

"வேற ஏதாவது?"

"எதையும் அமுக்கச் சொல்லலையே?"

"எதை அமுக்கணும்?" என்று அவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அவள் இரண்டிரண்டு படியாக இறங்கிவிட்டாள்.

மாலையில் வந்தார். அவருக்கு ஒரு கைதான் என்பதால் ஏணியில் அவளே ஏறிக் கம்பி இழுத்தாள். இருபதே நிமிடம். குடிநீர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். படம் திறப்பதாகச் சொன்னார்கள். சரியான பக்கத்தைத் தோண்டக் கிளம்பிவிட்டார்களாம்.

அவர் கிளம்பும் நேரத்தில்தான் வந்தது வினை. ஏதோ குறித்துக்கொள்ள அவள் வி.ஐ.யைத் திறந்தாள். யூனிக்ஸ்காரர்கள் எழுதவும் திருத்தவும் வைத்திருக்கும் பழைய நிரல் அது.

"இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்றார் அவர். "நமக்கு ஈமேக்ஸ்தாங்க." வி.ஐ.க்குப் போட்டியான நிரல் அது; எது உசத்தி என்று யூனிக்ஸ்காரர்கள் காலங்காலமாகச் சண்டை போடுவார்கள்.

"அதுல ஒவ்வொரு கட்டளைக்கும் நாலு விசையை ஒண்ணா அமுக்கணுமே! கை உடைஞ்ச மனுஷன் எப்படி அடிக்கறீங்க?"

"முழங்கையால."

அவ்வளவுதான். பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் இருவரும் மேசையைத் தட்டித் தட்டி வாதாடினார்கள். இரண்டு தடவை வைத்த தேநீரும் ஆறிப்போனது. பக்கத்து அறையிலிருந்து மாமியார், "யோசிக்க விடுங்களேன்!" என்று சத்தம் போட்டார். இந்த இரண்டு வாரத்தில் தன்னிடம் ஒருவர் இவ்வளவு மரியாதையாகச் சண்டை போட்டது இதுதான் முதல் தடவை என்று வரைபடக்காரி நினைத்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.