மூன்று கேள்வி, எட்டுக் கட்டம்

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் லோறன்ஸ் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றியதும் தாட்சாயினி கையை விரித்துத் தாளின் மேல் வைத்தாள். அவர் வெட்டப் பார்த்த ஏழாவது கட்டம் அவளுடைய உள்ளங்கைக்குள் போய்விட்டது.

"மிஸ், வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, ஆனா களப்பில தொழில் செய்யிறார். உப்பிடி ஒரு ஆள் முல்லைத்தீவிலயே இல்லை. தாளில ஏன் சும்மா இடம்?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒட்டுசுட்டானில் வயலும் யானையுமாய் வளர்ந்த பிள்ளை கடலோரக் களப்புத் தண்ணீருக்குக் கணக்குப் போட வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தாட்சாயினிக்கு அது உறைக்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் அளவையியல் என்ற தர்க்கப் பாடம் படித்தவள், பல்கலைக்கழகத்திலும் அதையே கட்டிக்கொண்டு மாரடித்தவள். கடற்றொழில் திணைக்களக் கந்தோரில் சேர்ந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் அனுமதி அட்டை இல்லாதவர் களப்பில் இறங்க முடியாது. யாருக்கு அட்டை என்று வகைப்படுத்த வேண்டும். பழைய பெயர் இடாப்பில் வள்ள இலக்கம் உள்ளவர் தொழிலாளி, இல்லாதவர் இல்லை, அவ்வளவுதான். அவள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஓர் ஆளையும் பாராமல் வரைவிலக்கணத்தில் தொடங்கினாள். தொழிலாளி என்பவர் தானே தண்ணீரில் இறங்கிப் பிடிப்பவர். வெளியாட்கள் பெயருக்கு அட்டை எடுக்கக்கூடாதென்று போன கூட்டத்தில் இதை ஆதரித்து முதல் ஆளாகக் கையுயர்த்தியவரே லோறன்ஸ்தான். பிறகு மூன்று கேள்வி. சொந்த வள்ளம் உண்டா, சொந்த வலை உண்டா, தானே இறங்குகிறாரா? ஒவ்வொன்றுக்கும் ஓம் அல்லது இல்லை. ஆக எட்டுக் கட்டம். கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

"ஆளில்லாட்டி வெறுமையாக் கிடக்கட்டும், தலைவர். நாங்கள் காணேல்லை எண்டதுக்காக வெட்ட ஏலாது."

"ஆள் இருக்கு" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

லோறன்ஸின் மனைவியின் தங்கை சுசிலா. களப்பிலிருந்து நேரே வந்திருந்தாள். பாவாடை முழுக்கச் சேறு, இடுப்பில் இறால் போடும் ஓலைப்பறி. பதினொரு வருடமாக அவளும் ஊர்ப்பெண்கள் பதினான்கு பேரும் முழங்காலளவு தண்ணீரில் குந்தியிருந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவளுடைய பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் காசில்தான் படிக்கிறார்கள். ஆனால் ஆண்கள் வள்ளத்தில் போவது தொழில், பெண்கள் இறாலுக்குப் போவது வீட்டு வேலை என்பது அந்தக் கரையின் வழக்கம். பழைய இடாப்புக்குப் பெயர் கேட்டு வந்தவர்களை, "தொழில் ஒண்டுமில்லை, வீட்டிலதான்" என்று சுசிலாவே சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது களப்பே கைவிட்டுப் போகப் பார்க்கிறது.

தாட்சாயினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வள்ளம் இருக்கோ, அக்கா?"

"இல்லை."

"வலை?"

"கைதான்."

"இறங்குவீங்களோ?"

"இறங்காட்டி வீட்டில அடுப்பெரியாது, மிஸ்."

ஏழாம் கட்டத்தில் பெயரை எழுதும்போது தாட்சாயினிக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. தாளில் கோடு கீறிக் கண்டுபிடித்த ஆள் சேற்றுக்காலோடு நடந்து வந்திருக்கிறாள்.

லோறன்ஸ் சளைக்கவில்லை. "சரி, என்ர பேரை முதலாம் கட்டத்தில போடுங்கோ."

"வள்ளம், தலைவர்?"

"ரெண்டு."

"வலை?"

"தேவைக்கு மேல கிடக்கு."

"நீங்கள் இறங்கிறனீங்களோ?"

அவருடைய கை முழங்காலுக்குப் போனது. அது நோவென்று கரையில் நின்றுகொண்டு ஆட்களை அனுப்பத் தொடங்கி ஆறு வருடம். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"அப்ப ரெண்டாம் கட்டம். அதுக்கு அட்டை இல்லை" என்றாள் தாட்சாயினி.

அவருடைய கையெழுத்து இல்லாமல் பட்டியல் போகாது. போட்டால் சுசிலா உள்ளே, அவர் வெளியே. தலைவரின் முகத்துக்காக ஒரு கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம்தான். ஆனால் ஒருவருக்காக நகர்ந்த கோடு நாளைக்கு எவருக்காகவும் நகரும். அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அட்டை இல்லாட்டியும் உங்களுக்கு வள்ளம் இருக்கு. இவாவுக்கு வேற ஒண்டுமில்லை."

லோறன்ஸ் ஏழாம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன மாரியில வள்ளம் இறக்கேலாமக் கிடந்த மாசம் முழுக்க எங்கட வீட்டுக்கும் இவள்தான் கறி தந்தவள்" என்றார், யாருக்கென்றில்லாமல். கையெழுத்தைப் போட்டார். பேனையை மூடிக்கொண்டு மச்சாளிடம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு இறங்கிறியள்?"

"ஆறு மணிக்கு. ஏன் அத்தான்?"

"நானும் வாறன்."

"கையைக் காட்டுங்கோ பாப்பம்."

தலைவர் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலால் நீட்டினார். சுசிலா பறிக்குள் உயிரோடிருந்த ஓர் இறாலை எடுத்து அவருடைய உள்ளங்கையில் விட்டாள். அது வாலைச் சுண்டித் துள்ளியது. லோறன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மூடினார்.