கிருபாபாய் டீச்சர் வீட்டு இரும்புக் கேட்டு

செல்வதுரைக்குத் தன் அத்தை மேல் பாசம் பொங்கியது ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகுதான். அதுவரை தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளத்துக்கு வழி தெரியாமல் இருந்தவன், ஒரு சனிக்கிழமை திடீரென்று வந்து நின்றான்.

அத்தை கிருபாபாய், மிஷன் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊருக்கு வெளியே பனங்காட்டுக்குள் தனியாக இருந்தாள். சாலையிலிருந்து வீட்டு முற்றம் வரை ஒரு வண்டிப்பாதை. அதன் தலைப்பில் ஆடு நுழையாமல் ஒரு முள்படல். செல்வதுரை வீட்டுக்குள் வராமல், போர்க்களத்தைப் பார்வையிடும் தளபதிபோல் அந்தப் பாதையை மேலும் கீழும் பார்த்தான். பிறகு படலைக் காலால் உதைத்தான். படல் விழுந்தது; முள் அவன் காலில் ஏறியது.

"எவன் வேணும்னாலும் உள்ள வந்திரலாம் போலிருக்கே! ஒரு பாதுகாப்பும் இல்லாம இருக்கியளே அத்தை."

"எவன்லே வாரான்? பால்காரி வாரா. வன்னியபெருமாள் வண்டி இந்த வழியா வயலுக்குப் போவுது. ஜப்பான்காரன் சிங்கப்பூர விட்டுட்டு என் கோழிக்கூட்டுக்கா வரப்போறான்?"

"யுத்த காலம் அத்தை. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஆயுசு முழுக்கப் பூகோளம் நடத்தியவள், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் லாரியில் கேட்டு வந்தது. ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு, இரண்டு கல்தூண், தேங்காய் பருமனில் ஒரு பூட்டு. வெளியே நின்று பார்ப்பவன் உள்ளே ஒரு ஜமீன் அரண்மனை இருக்கிறதென்று நினைப்பான். இருந்ததோ ஓட்டுவீடும் நாலு கோழியும்.

அன்றிலிருந்து அத்தைக்குப் பலத்த பாதுகாப்பு. பால்காரி வெளியே நின்று தொண்டை வறளக் கத்த, மூட்டுவலியோடு பாதை முழுக்க நடந்துபோய்ப் பூட்டைத் திறக்க வேண்டும். வன்னியபெருமாள் கோபித்துக்கொண்டு வேறு வழியில் வண்டியை ஓட்டினான். போகிறவர் வருகிறவர் இல்லாமல் பாதை வெறிச்சோடியது. செம்மணலில் ஊன்றிய தூண் ஒன்று மெல்லச் சாய ஆரம்பித்தது.

ஒரு நாள் மத்தியானம் மாட்டுவண்டியோடு மூன்று பேர் வந்தார்கள்.

"ஒங்க மருமவன் அனுப்புனாவ, டீச்சரம்மா. கேட்டு சாஞ்சிருக்காம். பட்டறைக்குக் கொண்டு போய்ச் சரி பண்ணித் தாரோம்."

அத்தை சாவியைக் கொடுத்தாள். வெயிலில் பாடுபடுகிறார்களே என்று பதநீரும் கொடுத்தாள். அவர்கள் குடித்த செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கேட்டையும் பூட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். செல்வதுரைக்கு இவ்வளவு மரியாதையான ஆட்கள் எங்கே கிடைத்தார்கள் என்று அத்தைக்கு ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் செல்வதுரை வந்தான். மொட்டையாக நின்ற தூண்களைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அத்தை! கேட்டு எங்க?"

"நீ அனுப்புன ஆளுவதான கொண்டு போனாவ?"

"நான் ஒருத்தனையும் அனுப்பலியே! ஐயோ, இப்ப இரும்பு தங்க வெலைக்குல்லா விக்குது!"

"அப்ப தங்கத்தக் கொண்டுவந்து ரோட்டோரத்துல ஏம்லே மாட்டுன?"

செல்வதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அத்தைக்கு மனசு இளகியது. குடையை எடுத்தாள்.

"எந்திரிலே. ஸ்டேஷனுக்குப் போவோம். ஏட்டு எங்கிட்டப் படிச்சவன்தான்."

அவன் எழுந்திருக்கவில்லை. "வேண்டாம் அத்தை."

"ஏன்லே?"

"கேட்ட எங்கன வாங்குனன்னு கேப்பான்."

"எங்கன வாங்குன?"

செல்வதுரை ஒரு பனைமரத்தை உற்றுப் பார்த்தான். அவன் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா. "கிட்டங்கிக்குப் பின்னால சும்மாத்தான் கெடந்துது."

"ஒங்க தொரைக்குத் தெரியுமா?"

அத்தை குடையை மறுபடி ஆணியில் மாட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. சாளைக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். வீட்டுக்கு வந்த எந்தத் திருடனையும் அவள் பட்டினியாக அனுப்பியதில்லை. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ஜாக்கிரதையா இருங்க அத்தை" என்றான் பழக்கதோஷத்தில்.

"நீயும்தாம்லே" என்றாள் அத்தை.