தண்ணீர் படாத கோடு

சிலுவையை இழைத்து முடித்த ஆசாரி சென்னப்பன், பெயர் எழுத ஏதாவது கேட்டான். சவுரியப்பன் கூரைச் சந்தில் கைவிட்டுத் துழாவினார். தக்காளிக் கூடைகளில் பெயர் போடும் ஊதாப் பென்சில் அங்கேதான் இருக்கும். எச்சில் தொட்டு எழுதினால் லேசில் அழியாது. பல மாதமாக அதைக் காணவில்லை. அதற்காக ஒருநாள் மனைவி மதலேனம்மாளைத் திட்டியும் இருந்தார்.

இப்போது உள்ளே அவள் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, செத்த உள்ள வாங்க.” கொழுந்தியாள் ரோசம்மாள் கதவைப் பாதி திறந்தாள். “அக்கா அடிவயித்துல ஊதாக் கலர்ல கட்டம் கட்டமா கோடு. சோப்புக்கும் போவல. செய்வினைன்னு இந்தப் பொம்பளைங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க.”

உள்ளே போனதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைப் புற்றுக்குக் கரண்டு வைப்பதற்கு முன், கதிர் பாய வேண்டிய இடத்தைக் காட்டப் போட்ட கோடுகள். “இது அழிஞ்சா எடம் மாறிப்போகும், தண்ணி படக்கூடாது” என்று அங்கிருந்தவர் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். பாதி வைத்திருந்தபோதே ரத்தப்போக்கு நின்றது. அந்த வாரம்தான் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. முறை தவறினால் கரும்பு காய்ந்துவிடும்.

“பாதியில நிறுத்தாதீங்க” என்றார் டாக்டர்.

“வெட்டு முடிஞ்சதும் கூட்டியாறங்க” என்றார் இவர். பொய்யாகச் சொல்லவில்லை.

வெட்டு முடிந்தபோது மதலேனம்மாள் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோவிலில் நன்றிப் பூசை வைத்து, கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டார். அண்டாவைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

“ஏங்க, மிச்சக் கரண்டு?”

“பூச வச்சாச்சு. இனிமே ஆஸ்பத்திரிக்கு ஓடுனா மாதாவ நம்பலன்னு ஆவாதா?”

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்கவே இல்லை. மறுபடி ரத்தம் பட்டதைச் சொன்னபோது, சந்தை முடியட்டும் என்றார் அவர். சந்தை முடிந்தபோது அவளால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கோடுகள் நேராக இருந்தன. இப்போது வயிற்றில் இருந்தவை நேராக இல்லை. கோட்டின் மேலேயே கோடாக, அழிய அழிய இழுத்தவை.

“என்னக்கூட அங்க தொடைக்க உட மாட்டா, மாமா. கூச்சப்படறான்னு நெனச்சேன்” என்றாள் ரோசம்மாள். “சாம்பல் போட்டுத் தேச்சாப் போயிடும்.”

“வேணாம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்க தண்ணி படக்கூடாது” என்றார்.

ரோசம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். அவள் ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தை மூடினாள். பிறகு காலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள்.

கட்டிலில் சுருட்டியிருந்த அவள் பாயை அவரே பிரித்தார். தலைமாட்டில் பென்சில் இருந்தது.

வாசலில் சென்னப்பன் அதை வாங்கி விரல்களுக்கிடையே திருப்பிப் பார்த்தான்.

“புடிக்கவே வரலியே அண்ணே. இம்புட்டுத் தேயற அளவுக்கு என்னத்த எழுதுனீங்க?”

“எழுது” என்றார் சவுரியப்பன்.

சென்னப்பன் பென்சில் முனையை நாக்கில் தொட்டான். சவுரியப்பன் வேறு பக்கம் பார்த்தபடி, சிலுவை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.