நல்ல தண்ணீர்த் தீர்மானம்

நாவலடிக் குறிச்சியின் பங்குக் கிணற்றுக்குள் கடல் பெருகி வற்றத் தொடங்கியது, சின்ன வெங்காயம் கிலோ முந்நூற்றைம்பது ரூபாவுக்குப் போன மாசி மாதத்தில். அந்தக் குறிச்சி வட்டுக்கோட்டைக்கு வடக்கே, தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்குள்ளவர்கள் சைக்கிள் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் தண்ணீர் கிணற்றுக்கட்டின் விளிம்புவரை ஏறி, நுரை தள்ளி, பிறகு கல்லுக்குள் இறங்கிப் போனது. முதலில் பாசி வந்தது. பிறகு ஒரு நண்டு வாளியோடு ஏறிவந்து, வாய்க்கால் வழியே வெங்காயப் பாத்திக்குள் போய்விட்டது. பிள்ளைகள் அதைத் துரத்தினார்கள். பெரியவர்கள் பூச்சி மருந்தின் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிணற்றில் முதல் பங்கு சீவரத்தினத்துக்கு. அவருடைய ஒரே மகள் உதயகலா, குறிச்சியிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள், புவியியல் படித்தவள். பட்டம் கிடைத்தபோது சனசமூக நிலையத்தில் மாலை போட்டுப் படமெடுத்துச் சுவரில் மாட்டினார்கள். பிறகு அதே படத்துக்குக் கீழே குந்தியிருந்து அவளை வாய்க்காரி என்றார்கள். கிணற்றில் நடப்பதை அவள் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தே விளக்கினாள். உலகம் முழுக்க எரித்த எண்ணெயின் சூட்டில் கடல் ஏறுகிறது. குறிச்சிக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லியதாக மிதந்த நல்ல தண்ணீரை இவர்கள் மோட்டர் போட்டு இரவு பகலாக உறிஞ்சிவிட்டார்கள். மேலே இடம் காலியானதும் கடல் வந்து இருந்துகொண்டது. இரண்டும் மனிதர் பார்த்த வேலை. தகப்பன் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். தாய் குணலட்சுமிக்கு ஏற்கெனவே பிறசர். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் புதைந்திருந்தது. உதயகலாவுக்கு வேறு எந்தக் கிணற்றைப் பற்றியும் கவலையில்லை. அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் உப்பென்று வாயால் சொல்வது லேசான காரியமல்ல. குறிச்சியில் எந்தப் பெண்ணின் சீதன உறுதியை எடுத்தாலும், காணிக்குப் பிறகு கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கும். நல்ல தண்ணீர்ப் பங்கு என்பதற்காகவே மானிப்பாயிலிருந்தும் அப்பாலிருந்தும் மாப்பிள்ளைகள் வந்த குறிச்சி அது. கிணறு உப்பானால் கட்டிக்கொடுத்தவர்களுக்கு வெட்கம், கட்டாமல் இருப்பவர்களுக்கு வழியில்லை. ஆகவே சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். பிரதேச சபைத் தேர்தல் நேரமானபடியால் வேட்பாளர் தியாகலிங்கமும் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்திலிலை திரி விட்டுப் படிச்ச சனம் நாங்கள். உலகத்தைச் சூடாக்கினது நாங்களோ? கார் ஓடினது வெள்ளைக்காரன், புகை விட்டது அவன், இப்ப எங்கடை மோட்டரை நிப்பாட்டு எண்டு வாறதும் அவன்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அதில் பாதி உண்மை. உதயகலாவுக்கு அதுதான் எரிச்சல். பங்குக்காரர் கந்தப்புவின் மகன் ரொறொன்ரோவிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் தோன்றி, "இஞ்சை சினோ கொட்டி முழங்காலளவு. சூடாகுதாம்! பகிடி விடுறாங்கள்" என்றான். அதற்கும் கை தட்டினார்கள். அவள் எழுந்தாள். காலையில் கிணற்றில் அள்ளிய வாளியை மேசையில் வைத்தாள். உள்ளே ஓரா என்ற கடல்மீன் ஒன்று வாலடித்தது.

"ஆர் புகைச்சவன் எண்டு கடல் விசாரிச்சுக்கொண்டு வராது. அவனும் செய்தவன், நாங்களும் உறிஞ்சினனாங்கள். நம்பாட்டில் உந்த ஓராவைக் கேளுங்கோ."

"பிள்ளை, உன்ரை சீதனமும் அந்தக் கிணத்துக்கைதான் கிடக்கு," என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல். "உப்பெண்டால் உன்னை ஆர் எடுப்பினம்?"

"எடுக்கிறதுக்கு நானென்ன வெங்காயமே?"

சிரித்தார்கள். சிரித்து முடித்து, நாவலடிப் பங்குக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரே என்ற தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, கைகள் உயர்ந்தன. சீவரத்தினம் மகளைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், பிறகு கையை உயர்த்தினார். அவர் உயர்த்தியதைக் கண்டு பெண்கள் பக்கத்தில் குணலட்சுமியும் உயர்த்தினா. தூக்காமல் இருந்த கை உதயகலாவுடையது மட்டுந்தான்.

மறுநாள் விடிந்தபோது, கையுயர்த்திய அத்தனை பேரின் நாக்கிலிருந்தும் உப்பு ருசி போயிருந்தது. குணலட்சுமி குழம்புக்கு உப்புப் போட்டு நக்கிப் பார்த்து, இன்னொரு பிடி போட்டா. கடைகளில் உப்பு முடிந்து, ஆனையிறவு உப்பளத்திலிருந்து லொறி வந்தது. கிணற்றுத் தண்ணீர் இளநீர்போல இருக்கிறதென்று ஆட்கள் செம்பு செம்பாகக் குடித்தார்கள். மாடுகளுக்கு வாக்குரிமை இல்லாதபடியால் அவை குடிக்கவில்லை. தொட்டியில் முகம் வைத்து மூசிவிட்டுத் திரும்பிக்கொண்டன. வெங்காயத்தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. அது ஒரு நோய் என்று முடிவாகி மருந்தடித்தார்கள். சீவரத்தினம் தோட்டத்தால் வந்து சாரத்தை உதறினால் வெள்ளையாகத் தூள் கொட்டியது. கிளினிக்கில் டொக்டர், "உப்பைக் குறையுங்கோ அம்மா" என்றபோது குணலட்சுமி, "நான் உப்பு ருசி பாத்து எவ்வளவு காலம், டொக்டர்" என்று உண்மையாகவே கவலைப்பட்டா. உதயகலா வீட்டில் கத்தினாள், அழுதாள், பானையைக் கவிழ்த்தாள். தாய் பானையை நிமிர்த்தி மறுபடி அள்ளி வைத்தா.

அந்த நாட்களில் கடற்கரைக் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற கனிசியஸ் வெயில் தாங்காமல் ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். முதல் மிடறோடு வேலிக்கரையில் துப்பினார்.

"தங்கச்சி, இது எங்கடை தண்ணியெல்லோ! உங்கை என்னெண்டு வந்தது?"

உதயகலா ஓடிப்போய்த் தகப்பனைக் கையில் பிடித்து இழுத்து வந்து, இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். கனிசியஸ் சொன்னார். சீவரத்தினம் மரியாதையாகத் தலையாட்டி, ஒரு கிலோ சூடை மீன் வாங்கி, மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை பொறுத்திருந்தார்.

"உவங்கள் கடலுக்கை கிடக்கிற ஆக்கள். உவன்ரை நாக்குக்கு எல்லாம் உப்புத்தான்."

"அப்ப ஆரின்ரை நாக்கு வேணும் அப்பா உங்களுக்கு? சாதி பாத்தோ ருசி வாறது?"

"தக்க ஆக்கள் சொல்லட்டும். வாற கிழமை மானிப்பாயாலை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். அவையள் ஒரு வார்த்தை உப்பெண்டு சொன்னால், மோட்டரைக் கழட்டிப்போட்டுக் கொம்மாவுக்குப் பவுசர் லொறித் தண்ணி எடுக்கிறன்."

"சத்தியமா?"

"ஓம்."

அதுவரை அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று முகம் திருப்பிய உதயகலா, தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களைப் படலையில் நின்று எதிர்பார்த்தாள். பங்கு எழுதிக் கொடுக்கிற கிணற்றின் தண்ணீரைச் சம்பந்தகாரர் குடித்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெருக்கு முழுவதாக ஏறும்வரை பார்த்திருந்து, நுரையோடு அள்ளி, வெள்ளித் தம்ளர்களில் அவளே ஊற்றிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் தாய் மூச்சுவிடாமல் குடித்தா. குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினா.

"இன்னும் கொஞ்சம் தாங்கோ பிள்ளை. இந்தப் பக்கத்துத் தண்ணியெண்டால் சும்மாவே!"

உதயகலா தம்ளரை மறுபடி நிரப்பினாள். மாப்பிள்ளையும் குடித்தான், அவனுடைய உதடு வெடித்து, வெடிப்பில் வெள்ளை பூத்திருந்தது.

"மாமி, உப்பாயில்லையே?" என்று உதயகலா கேட்டாள்.

"உப்போ? உதெல்லாம் போன மாதமே எங்கடை நிலையத்திலை கையுயர்த்தி முடிச்சாச்சு. எங்கடை கிணத்துக்கு இன்னும் ஒண்டும் வரேல்லைத்தான். எண்டாலும் முன்னெச்சரிக்கையா."

தேர்தலில் வென்ற தியாகலிங்கம் அந்தத் தீர்மானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தார். சீவரத்தினம் மகளைப் பார்த்தார். வென்றவரின் முகம் அல்ல அது. கடைசி பஸ்ஸை விட்டவரின் முகம். மோட்டர் கழற்றப்படவில்லை. உதயகலா அந்தக் கலியாணத்துக்கு ஓம்படவில்லை. கண்ணுக்கு முன்னால் கடலைக் குடித்த சனத்தோடு தான் இருக்கமாட்டேன் என்று சம்பந்தகாரருக்கு முன்னாலேயே சொன்னாள். பிறகு ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஹாண்டிலில் கான் தொங்கவிட்டுத் தூரத்தால் தண்ணீர் கொண்டுவந்தாள். குணலட்சுமி அதில் ஒரு வாய் குடித்து, "என்னடி இது, கைச்சல் தண்ணி" என்று வைத்துவிடுவா. இரண்டு மாரி போனது. கடல் வாய்க்கால்வரை வந்து பழகியது. தோட்டத்து வரம்புகளில் கண்டல் முளைத்து, கொக்குகள் வந்து இறங்கின. முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிறவர்கள் கடல் இறங்குகிற வற்று நேரம் பார்த்து மோட்டர் போடப் பழகினார்கள். மூன்றாம் வருடம் பங்குனியில் குணலட்சுமியின் சிறுநீரகம் இரண்டும் நின்றன. மரணத்துக்குக் காரணம் பிறசர் என்று எழுதினார்கள்.

எரித்துக் காடாத்தியபிறகு சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பதுதான் முறை. வான் பிடித்தாகிவிட்டது. பெண்கள் போவதில்லை என்று சொன்னவர்களை உதயகலா பார்த்த பார்வையில் அவர்கள் அதை இரண்டாம்தரம் சொல்லவில்லை. அவள் சாம்பல் முட்டியைக் கையில் ஏந்தி வானில் ஏறப் போனபோது சீவரத்தினம் வாசலில் நின்றபடி சொன்னார்:

"கீரிமலைக்குப் போகத் தேவையில்லை பிள்ளை."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வான்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு எல்லோரும் பங்குக் கிணற்றடிக்குப் போனார்கள். பெருக்கு முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரம். ஐயர் மந்திரத்தைக் கடலுக்குச் சொல்வதுபோலவே சொன்னார். உதயகலா கிணற்றுக்கட்டில் குனிந்து முட்டியைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு சுற்றுச் சுற்றி, கல்லிடுக்கு வழியாக உள்ளே இழுபட்டு, கடலுக்குப் போனது. அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாளியை விட்டு அள்ளி, காலைக் கழுவி, மிச்சத்தில் ஒரு கை ஏந்திக் குடித்தார்.

"நல்ல தண்ணி," என்றார், அவளைப் பார்க்காமல்.

அன்றைக்குத் தண்ணீர் முறை உள்ளவர் கொஞ்சம் தள்ளிக் காத்து நின்றார். வற்று சரியான அளவுக்கு வந்ததும் மோட்டரைப் போட்டார்.