சிவப்புத் துணி கட்டிய குழாய்

பாலாமணிக்குப் பட்டம் கிடைத்த அன்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாயசம் வைத்தார்கள். வேலை கிடைத்த அன்று சிரித்தார்கள்.

"கெம்பஸ் போயி படிச்சிட்டு வந்து கக்கூஸ் அடைப்பு எடுக்கப் போறியாக்கும்?" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து கிருஷ்ணம்மா அத்தை கேட்டாள்.

"ஆமா அத்த. படிக்காம எடுத்தா நாறும். படிச்சிட்டு எடுத்தா மணக்கும்."

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் ரோட்டில், தோட்டத்து லயங்களுக்கு நேர் மேலே இருந்தது அந்தக் கிறிஸ்தவ முகாம். பள்ளி விடுமுறைகளில் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கி, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அட்டைக் கடியோடு திரும்பிப் போவார்கள். அவர்கள் வரும் முன்னும் போன பின்னும் அந்த இடத்தைக் கட்டி மேய்ப்பது பாலாமணியின் பாடு. காற்று தூக்கிப்போட்ட கூரைத் தகரம், கால் ஆடும் இரட்டைக் கட்டில், மழை பெய்தால் இருமும் ஜெனரேட்டர், நிரம்பி வழியும் மலக்குழி எல்லாம் அவள் தலையில். அலுவலக வாசலில் 'பராமரிப்பு முகாமையாளர்' என்று பலகை இருந்தது. லயத்துச் சனம் அதைச் சுருக்கி 'கேம்ப் மெனேஜரம்மா' ஆக்கிக்கொண்டது. கிண்டல்தான். ஆனாலும் அந்தக் கிண்டலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

முகாமுக்குத் தண்ணீர் வந்தது மேலே பாறையடியில் இருந்த ஊற்றிலிருந்து. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துச் சனமே அதைக் குடித்தது. பிறகு காணியோடு ஊற்றும் முகாமுக்குக் குத்தகைக்குப் போயிற்று. வேலி வந்தது, தொட்டி வந்தது. பெண்கள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த காலோடு கீழே ஓடைக்கு இறங்கினார்கள். பாலாமணியின் அம்மா சுந்தரம்மாவுக்கு முழங்கால் போனது அந்த ஏற்றத்தில்தான். பட்டதாரி மகள் மேலே கொழும்புப் பிள்ளைகள் குளிக்கிற குழாயைத் திருத்திக்கொண்டிருக்க, கீழே அம்மா குடத்தோடு ஏறுவாள். முகாமின் முற்றத்தில் நின்றால் அது நன்றாகவே தெரியும்.

ஒருநாள் அவள் முகாமின் தலைவர் பாஸ்டர் ஞானராஜிடம் நேராகவே கேட்டாள். "தொட்டி நெறஞ்சு வழியுற தண்ணி சும்மா காட்டுக்குள்ளதானே போகுது பாஸ்டர். லயத்துக்கு ஒரு குழாய் விட்டா என்ன?"

அவர் கோபிக்கவில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்லும் மனிதர். கண்ணை மூடி யோசித்தார்.

"குழாயை இப்பவே போட்டு வையுங்க மகள். எல்லை வேலி வரைக்கும் கொண்டுபோய், கடைசியில மூடி போட்டு மண்ணை இழுத்துவிடுங்க. கமிட்டி கேட்டா ஆயிரம் பேசும். ஈஸ்டர் கேம்ப் முடியட்டும். கர்த்தருக்கு முன்னால சொல்றேன், என் கையாலயே வால்வைத் திறந்துவிடுவேன்."

சொல்லிவிட்டு அவள் தலையில் கை வைத்தார். பாலாமணி நெற்றியில் திருநீறு வைக்கும் பெண். அந்தக் கையின் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு தொட்டியடியில் பொருத்திய, லயத்துக்குப் பிரியும் வால்வை அவரே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் அவளுக்குப் பிடித்திருந்தது. பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார் என்று நினைத்தாள். பூட்டு எதற்கென்று நாலு வருடம் படித்த மூளை கேட்கவேயில்லை.

அந்த வாக்கை அவள் லயத்துக்குக் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாத நாளில், ஆணும் பெண்ணுமாக ஏறிவந்து மண்ணை வெட்டினார்கள். குழாய் பொருத்தியது பொன்னையா. அம்மாவின் தம்பி, கிருஷ்ணம்மாவின் புருஷன், முகாமின் குழாய்க்காரன். வேலி ஓரத்தில் கடைசி மூடியை முறுக்கி இறுக்கி மண் தள்ளிய பிறகு, அவன் ஒரு கம்பை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றையும் குத்தி வைத்தான்.

"என்னா மாமா இது? பாஸ்டர் பாத்தா ஒங்களுக்கும் சேத்து மூடி போட்டுருவாரு."

"முனியாண்டி எல்லையில வெட்டியிருக்கம் புள்ள. காப்புக் கட்டாம விட்டா தண்ணி வருமா? தண்ணி வந்த அன்னிக்கி சேவல் அறுத்துட்டுக் கம்பப் புடுங்கிருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவரு சாமிக்கிட்ட அவரு கேக்கட்டும். நம்ம சாமிக்கிட்ட நம்ம கேப்பம். ரெண்டுல ஒண்ணு தெறக்கும்ல?"

பாலாமணி சிரித்தாள். கம்பு அங்கேயே நின்றது. பாஸ்டரும் ஒருநாள் அந்த வழியாகப் போனார். கம்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடம் தம்புள்ளைப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. அதற்குப் பிறகு பக்கத்திலிருக்கும் உக்குவளைக்குப் போவதென்றாலும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தங்கும் இடம் என்றால் இராணுவம் பார்க்காமல் விடுமா? ஈஸ்டருக்குச் சில நாள் இருக்கும்போது காலையில் ஜீப் வந்தது. அவர்கள் பார்த்து, சரி என்றால்தான் முகாம் நடக்கும்.

பாலாமணி பிள்ளைகள் படுக்கும் மண்டபத்தில் கட்டிலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சமையல்காரப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, ஆமிக்காரங்க பொன்னையா அண்ணனக் கட்டிப் போட்டுட்டாங்க!"

வேலி ஓரம் முழுக்கச் சிப்பாய்கள். சிவப்புத் துணி அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. தோண்டியிருந்தார்கள். ரிவர்ஸ்டன் ஒளிபரப்பு டவருக்கு இராணுவ வண்டி போகும் ரோட்டோரத்தில், மண்ணுக்குள், வாய் மூடிய குழாய். அதற்கு மேல் அடையாளக் கம்பு. குண்டு என்று நினைக்க இதற்கு மேல் என்ன வேண்டும் அவர்களுக்கு? மண்வெட்டியும் கையுமாக விளக்கம் சொல்ல ஓடிப்போன பொன்னையாவுக்குச் சிங்களத்தில் தெரிந்தது கொஞ்சம். பயத்தில் அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. "மாத்தயா, தெய்யோ, தெய்யோ" என்று சாமியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சட்டையைக் கழற்றி அதனாலேயே அவன் கையைப் பின்னால் கட்டி, மண்டியிட வைத்திருந்தார்கள்.

அதிகாரி இளைஞன். மரியாதையாகத்தான் கேட்டான். "ஃபாதர், இந்தக் குழாய் உங்களுடையதா?"

ஆமாம் என்ற ஒரு சொல். அதற்கு மேல் தேவையில்லை. பாலாமணி சரிவில் இறங்கி ஓடிவருவதை பாஸ்டர் பார்த்தார். குழாயைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார், மண்டியிட்டிருந்தவனை மட்டும் பார்க்கவில்லை.

"இல்லை," என்றார் சுத்தமான சிங்களத்தில். "எங்கள் குழாய்கள் எல்லாம் அந்தப் பக்கம். இது என்னவென்று எனக்குத் தெரியாது."

இரண்டு சிப்பாய்கள் பொன்னையாவைத் தூக்கி ஜீப் பக்கம் தள்ளினார்கள். அந்த வருடங்களில் அப்படி ஜீப்பில் ஏறியவர்களில் எத்தனை பேர் வீடு வந்தார்கள் என்று லயத்தில் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"சேர், அது தண்ணீர்க் குழாய்!" பாலாமணி சிங்களத்தில் கத்தினாள். "போடச் சொன்னது நான். இங்கே பராமரிப்புக்குப் பொறுப்பு நான்தான். மேலே தொட்டியில் வால்வு இருக்கிறது. திறந்தால் இதில் தண்ணீர் வரும். பார்த்துவிட்டு அவரைக் கொண்டுபோங்கள்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அப்படியா? திற."

அவள் பாஸ்டர் முன்னால் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க பாஸ்டர்."

"எந்தச் சாவி, மகள்?"

குரல் மென்மையாக இருந்தது. ஜெபத்துக்குக் கூப்பிடும் அதே குரல். வெள்ளைச் சட்டைப் பைக்குள் பேனாவுக்குப் பக்கத்தில் சாவியின் வடிவம் துணிக்கு மேலாகவே தெரிந்தது. அந்தக் கணத்தில் பாலாமணிக்கு அழுகை வரவில்லை. ஒருவேளை மறந்துவிட்டாரோ என்றுகூட ஒரு முட்டாள் நினைப்பு வந்து போயிற்று. மறக்கவில்லை. அவர் விரல்கள் பையின் மேல் போய் அமர்ந்தன.

அவள் களஞ்சிய அறைக்குள் ஓடி இரும்பறுக்கும் வாளை எடுத்தாள். துவக்கோடு ஒரு சிப்பாய் பின்னால் வர, தொட்டிக்கு ஏறினாள். சங்கிலி தடிப்பானது. பாஸ்டர் பார்த்துப் பார்த்து வாங்கியது. வாள் வழுக்கி விரலைக் கிழித்தது. "நங்கி, சீக்கிரம்" என்று தங்கச்சியை அவசரப்படுத்துவதுபோலச் சொன்னான் சிப்பாய். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

தொட்டியடியிலிருந்து கீழே எல்லாம் தெரிந்தது. மூடியைக் கழற்ற எந்தச் சிப்பாயும் முன்வரவில்லை. எல்லோரும் விலகி, தேயிலைக்குள் குந்திக்கொண்டார்கள். பாஸ்டர் முகாமின் சிற்றாலயத்துச் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். பொன்னையாவின் கட்டை அவிழ்த்து, துவக்கை நீட்டி, அவனையே கழற்றச் சொன்னார்கள். அது வெடிக்காது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் மூடியைக் கழற்றினான்.

சங்கிலி அறுந்தது. பாலாமணி வால்வைச் சுற்றினாள்.

ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் 'புஸ்ஸ்' என்று காற்றைக் கக்கியது. குந்தியிருந்தவர்கள் குப்புற விழுந்தார்கள். சேற்றுத் தண்ணீர் பீறிட்டுப் பொன்னையாவின் முகத்தில் அடித்தது. பிறகு தெளிந்த தண்ணீர், பளபளவென்று. எழுந்த சிப்பாய்களில் ஒருவன் சிரித்தான். மற்றவர்களுக்கும் சிரிப்புத் தொற்றியது. அதிகாரி வந்து கையில் ஏந்தி முகம் கழுவினான். "நல்ல குளிர்" என்றான்.

அவள் இறங்கிவந்தபோது பாஸ்டரும் சுவருக்குப் பின்னாலிருந்து வந்திருந்தார்.

"ஃபாதர், இது உங்கள் தொட்டித் தண்ணீர்தானே?"

"என் அனுமதி இல்லாமல் இந்தப் பிள்ளை செய்திருக்கிறாள்," என்றார் பாஸ்டர். பிறகு அவள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். "பரவாயில்லை மகள். நான் உங்களை மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டாராம்!

அதிகாரி முகாமை நடத்தலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான். ஜீப் வளைவில் மறைந்ததும் பொன்னையா ஓடிப்போய் பாஸ்டரின் காலில் விழுந்தான். "ஐயாதான் பேசிக் காப்பாத்துனீங்க. ஐயா இல்லாட்டி நான் செத்தேன்."

"மாமா, அவரு என்னா பேசுனாருன்னு ஒங்களுக்கு வெளங்குச்சா?" பாலாமணியின் குரல் கிறீச்சிட்டது. "தெரியாதுன்னு சொன்னாரு! குழாயே தெரியாதுன்னு!"

பொன்னையா தலையை நிமிர்த்தவில்லை. சிங்களத்தில் அந்த ஒரு சொல் தெரியாத ஆள் தோட்டத்தில் இல்லை. தெரியாது, 'தன்னே நே'. அவனுக்கு விளங்கியிருந்தது. அதை அவன் குனிந்த கழுத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

பாஸ்டர் அவனைத் தோளைப் பிடித்து எழுப்பினார். "கர்த்தர் பெரியவர் பொன்னையா. தண்ணீர் வீணாகுது பாருங்க. மூடிடுங்க."

தண்ணீர் வீணாகவில்லை. வேலியைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த வடிகால் கான் வழியாக லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் கூவும் சத்தமும் வாளி மோதும் சத்தமும் கேட்டன.

"மூடாதீங்க மாமா."

"சும்மா இரு புள்ள."

அவன் சேற்றில் குனிந்து மூடியைத் தேடி எடுத்தான். வேட்டியில் துடைத்தான். மரையில் வெள்ளை டேப்பைப் பதவிசாகச் சுற்றினான், நல்ல வேலைக்காரன். முறுக்கி இறுக்கினான். கடைசியில் கம்பையும் பிடுங்கி, துணியோடு தேயிலைக்குள் எறிந்தான். சேவலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"இரத்தோட்டைக்குப் போய் ஒரு புதுச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்துடுங்க மகள்," என்றார் பாஸ்டர், ஒன்றுமே நடக்காத மாதிரி. பூட்டு வாங்குவது பராமரிப்புதானே.

"பழைய பூட்டோட சாவி ஒங்க பையிலதான் இருக்கு பாஸ்டர். மொதல்ல அத வெளிய எடுங்க. பெறகு புதுசப் பத்திப் பேசலாம்."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அவர் காலடிச் சேற்றில் போட்டுவிட்டு இறங்கினாள். அவர் குனியவில்லை. பொன்னையாதான் குனிந்து எடுத்தான்.

பாதி வழியில் கிருஷ்ணம்மா அத்தை ஏறிவந்தாள். சமையல்காரப் பெண் குறுக்குவழியில் ஓடிவந்து அவளிடம் விசயத்தைச் சொல்லியிருந்தாள். "வேலய விட்டுட்டியாமே? நீ படிச்சவ, ஒனக்கு எங்கயும் கெடைக்கும். அந்த மனுசனுக்கு எங்க கெடைக்கும்? ஒன் பேச்சக் கேட்டுத்தானே குழாயத் தோண்டுனாரு!"

பாலாமணி வழிவிட்டு ஒதுங்கினாள். அத்தை மேலே போனாள்.

சாயங்காலம் காம்பராவில் அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஊத்துத் தண்ணி. ஒரு வாளி புடிச்சேன், அதுக்குள்ள நின்னுபோச்சு. சோதிச்சுப் பாத்திருப்பாங்க, என்ன? பாஸ்டரய்யா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருன்னு லயமே பேசுது."

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பொன்னையா வேலை முடிந்து வந்திருந்தான். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பாலாமணி கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தை நடுச்சுவர்ப் பக்கம் திருப்பி, லயம் முழுக்கக் கேட்கும் குரலில் தொடங்கினாள்.

"அம்மா, நடந்தத நான் சொல்றேன், கேளு. அந்த ஆபீசர் பாஸ்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்..."

அடுத்த காம்பராவில் ரேடியோவின் சத்தம் கூடியது.