ஏழாம் தளத்தில் இரண்டு அறைகள்

நூற்றெட்டு நாள் கப்பலில் போகப்போகிறோம் என்று சொன்னதும் எங்கள் மகள், எந்தெந்த ஊர் என்று கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா?" என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பிலும் நியாயம் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பு நிலையத்தில் ஆபரேட்டர். மாலை ஆறு மணிக்கு டியூட்டியில் ஏறினால் காலை ஆறு மணிக்கு இறங்குவார். நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் வேலை. மகள் பிறந்தபோது, குழந்தையோடு யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டுமே என்று அவர் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டது. ஷிப்ட் மட்டும் போகவில்லை. காலை ஆறரைக்கு அவர் வீட்டுக்குள் நுழைவார், ஆறு ஐம்பதுக்கு எனக்கு பஸ். மாலையில் நான் வருவதற்கு அரை மணி முன்பே அவர் கிளம்பியிருப்பார்; குழந்தை சின்னதாக இருந்தபோது அந்த அரை மணி மட்டும் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டார். ஆக, ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். அவருக்கு ஓய்வு நாள் என்றாலும் பழக்க தோஷத்தில் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். நான் அவரை ஆந்தை என்பேன், அவர் என்னைச் சேவல் என்பார். சேர்ந்து இருந்த நேரத்தை மட்டும் கணக்கெடுத்தால் நீங்கள் இன்னும் புதுமணத் தம்பதிதான் என்பாள் மகள்.

வீட்டை நடத்துவது நாங்கள் அல்ல, சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு நோட்டு. அவர்கள் பம்பு நிலையத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைப்பது போலத்தான். "குழாய் சொட்டுகிறது", "சிலிண்டர் வந்தது", "மகளுக்கு போன் செய்". இதில் ஒரு சட்டம் உண்டு: அடுத்தவருக்கு வேலையை மிச்சம் வைக்கக் கூடாது. இன்னொரு சட்டம், யாரும் எழுதாமலே வந்தது: ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் போன் செய்யக் கூடாது. என்ன தலைபோகிற காரியமானாலும் சரி. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தச் சட்டத்தை நாங்கள் மீறியதில்லை.

இந்த இரண்டு சட்டமும் சேர்ந்து சில சமயம் வேடிக்கை காட்டும். எங்கள் வீட்டுப் பூனை பதினோரு வருஷமாகக் காலைச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டது. விடியற்காலை எழுந்ததும் நான் வைப்பேன், நான் பஸ் ஏறியதும் அவர் வைப்பார். இரண்டு பேருமே அதை எழுதிவைக்கும் அளவுக்குப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. பூனையும் காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிட்டது. அது நடக்க முடியாமல் உருண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேர்தான் கப்பலுக்குத் திட்டம் போட்டோம். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. நானும் அதே மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாக முடிவு. அதிலிருந்து பதினாறாம் நாள் கப்பல் கிளம்புகிறது. நாற்பத்தோரு துறைமுகம். குளியலறைக் கதவில் உலகப் படத்தை ஒட்டினேன். பல் தேய்த்துக்கொண்டே தினமும் ஒரு கடலைக் கடந்தேன். இன்னும் பதினான்கு மாதம் இருக்கும்போதே பெட்டி வாங்கியாகிவிட்டது. அவர் பங்குக்குக் கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பம்புகளைப் பயணிகள் பார்க்கலாமா, பார்க்கலாமென்றால் வாரத்துக்கு எத்தனை தடவை என்று. முப்பது வருஷம் பார்த்தது போதாதா என்று நோட்டில் கேட்டேன். "இது உப்புத் தண்ணி" என்று கீழே பதில் எழுதியிருந்தார்.

அறையைப் பற்றி மட்டும் நோட்டில் ஆறு பக்கம் சண்டை நடந்தது. அவருக்கு ஜன்னலே இல்லாத உள்ளறை வேண்டும். பகலில் தூங்கிப் பழகியவர், எங்கள் படுக்கையறை ஜன்னலிலேயே கறுப்புத் துணிதான் தொங்கும். நான் முப்பது வருஷமாக நிலவறையில், டியூப் லைட்டுக்குக் கீழே வேலை பார்க்கிறவள். எனக்குக் கடல் தெரிய வேண்டும். கடைசியில் ஜன்னல் வைத்த அறை, வீட்டுக் கறுப்புத் துணியையும் கூடவே எடுத்துப்போவது என்று சமாதானமானோம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முன்பதிவு திறந்தது. ஜன்னல் அறைகள் அரை மணியில் தீர்ந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் பத்து மணிக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார், எழுப்பக் கூடாது, நாமே முடித்துவிடுவோம் என்று நான் பக்கத்து மேஜைக்காரியிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற மாடிப்படிக்கு ஓடினேன். அவசரத்தில் இரண்டு தடவை பிறந்த தேதியைத் தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை பதிவாகிவிட்டது. ஏழாம் தளம், 7116. எனக்குத் தலைகால் புரியவில்லை. படியிலேயே நின்று இரண்டு குதி குதித்தேன். மேலே இருந்து இறங்கி வந்த டாக்டர் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிப் போனார்.

மாலையில் ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. பூனை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நோட்டைப் பார்த்தேன். பத்து மணிக்கு நான் கை நிறைய ரத்தச் சோதனைக் குழாய்களோடு இருப்பேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று, தூங்காமல் கொட்டக் கொட்ட விழித்திருந்து அவரே பதிந்திருக்கிறார். கட்டம் போட்டு எழுதியிருந்தார்: "கப்பல் முடிந்தது. 7114."

தனியாக நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பக்கத்துப் பக்கத்து அறை, ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்கு இடம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை ரத்து செய்தால் நஷ்டமில்லை என்று போட்டிருந்தது. "என்னிடம் 7116 இருக்கிறது. ஒன்றை விட்டுவிடலாம்" என்று எழுதி வைத்துவிட்டு, இரண்டு கேக்கிலும் ஒரு துண்டு சாப்பிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை காலை இருபது நிமிஷமும் இரண்டு கேக்கைப் பற்றிய சிரிப்பிலேயே போய்விட்டது. மாலை வந்து பார்த்தால் பதில் இருந்தது. "ரெண்டையும் வெச்சுக்கிட்டா என்ன? நடுவுல ஒரு சுவர்தான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்றுதானே நான் இத்தனை நாள் நாட்காட்டியைக் கிழித்தேன்? கடலைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்தே பஸ் உண்டே. மகளிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவளோ, அப்பா சொல்வதுதான் சரி, ஒரே அறையில் இருந்தால் முதல் துறைமுகத்திலேயே ஒருவரை ஒருவர் இறக்கிவிட்டுவிடுவீர்கள் என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் காலை இருபது நிமிஷத்தில் பதினெட்டு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன்.

"முப்பது வருஷமா நடுவுல இருந்தது சுவர்தானேங்க. அதைக் கப்பல்லயும் கட்டணுமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு பஸ் வந்துவிட்டது.

அன்று மாலை நோட்டில் நீளமாக எழுதியிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் எழுதிய பெரிய குறிப்பு அதுதான். "நான் ராத்திரி முழிச்சிருப்பேன். நடப்பேன். மூணு மணிக்குப் பசிக்கும். விளக்கு போடுவேன். உன் தூக்கம் கெடும். நீ என்னைச் சகிச்சுக்கிற மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் சொன்னேன்."

படித்ததும் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி பயமாக மாறியது, ஏனென்றால் அவர் எழுதியதில் பொய் இல்லை. யோசித்துவிட்டுக் கீழே எழுதினேன்: "ஞாயிறு காலை மகள் அறைக்கு வரவும். ஒத்திகை."

சனிக்கிழமை மாலை அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குள் போனேன். கப்பல்காரன் கொடுத்த அளவுப்படி தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். கட்டில், இரண்டு நாற்காலி, பெட்டி, எல்லாவற்றையும் கோட்டுக்குள் தள்ளினேன். ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டினேன். ஐந்து மணிவரை இரண்டு பேரும் கோட்டைத் தாண்டக் கூடாது, குளியலறைக்கு மட்டும் விதிவிலக்கு. ஐந்து மணிக்கு முன் யாராவது ஓடிவிட்டால் இரண்டு அறை.

ஞாயிறு காலை அவர் வந்தார், குளித்தார், கோட்டைப் பார்த்தார். பம்பு நிலையத்தில் சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டுவது போல ஜாக்கிரதையாகக் காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். "கப்பல் கிளம்பிடுச்சா?" என்றார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை ஆரம்பமானது.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது நான் வீட்டிலேயே இருக்க மாட்டேன். கடைக்குப் போவேன், தோழி வீட்டுக்குப் போவேன், வந்தாலும் பூனை நடை நடந்து பாத்திரத்தைக் குழந்தை மாதிரி தூக்கி வைப்பேன். அன்று இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துணியின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதில் கப்பல் புத்தகத்தை வரி வரியாக நகர்த்திப் படித்தேன். ஒன்பது மணிக்குக் கால் மரத்தது. பத்து மணிக்குத் தும்மலை அடக்கினேன். பதினொன்றுக்கு, நூற்றெட்டு நாளும் இப்படித்தான் என்றால் என்னால் முடியாது என்று தோன்றியது. மெதுவாக எழுந்தேன். ஒரு கால் கோட்டுக்கு வெளியேகூடப் போய்விட்டது.

அப்போதுதான் கை பட்டு டிபன் டப்பா விழுந்தது. மூடி தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அசையவே இல்லை.

எனக்குப் புரிய இத்தனை வருஷமா ஆக வேண்டும்? இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஆறு பம்புக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். பம்பு நின்றால்தான் அவர் காது விழித்துக்கொள்ளும். சத்தம் அவரை என்ன செய்யும்? முப்பது வருஷம் நான் நடந்த பூனை நடை அத்தனையும் வீண். என்மேலேயே ஆத்திரம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. காலைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். நாற்காலியைத் தரதரவென்று இழுத்து ஜன்னலோரம் போட்டேன். துணியில் பாதியை விலக்கினேன். மகளுக்கு போன் செய்து சாதாரணக் குரலில் அரை மணி பேசினேன். குறட்டை ஒரு தடவைகூடத் தடம் மாறவில்லை.

இரண்டு மணிக்கு அவர் கண் விழித்தார். விழித்ததும் கை தானாகத் தலைமாட்டுப் பக்கம் எதையோ தேடியது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ இருக்கியா?" என்றார்.

"எங்க போவேன்? நடுக்கடல்ல இருக்கோம்" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எப்ப முழிச்சாலும் வீடு காலியாத்தான் இருக்கும். எழுந்து போய் முதல்ல நோட்டைத்தான் பாப்பேன். நீ ஒண்ணும் எழுதாம போயிருந்தேன்னா அன்னிக்குப் பூரா ஒரு மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு நோட்டு தேவைப்படல."

நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை.

மூன்று மணிக்குக் கோட்டுக்குள் நின்றே கப்பல் ஆபீசுக்கு போன் செய்தோம். எந்த அறையை ரத்து செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. ஏதாவது ஒன்று, இரண்டிலும் அதே கடல்தானே என்று அவர் சொன்னார். அப்படிச் சொன்னால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றாள் அவள். 7114 போனது. பிறகு ஐந்து மணிவரை எதிரெதிரே உட்கார்ந்து, மூன்று மணிப் பசிக்குக் கப்பலில் என்ன வாங்கி வைக்கலாம் என்பதிலிருந்து பெட்டியில் யார் சட்டை மேலே என்பது வரை பேசினோம், இரண்டு தடவை சண்டையும் போட்டோம். கோட்டை யாரும் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பரிசோதனைக் கூடத்து மேஜை போன் அடித்தது. எடுத்த பக்கத்து மேஜைக்காரி, வீட்டிலிருந்து என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் தூங்கும் நேரம். முப்பது வருஷத்தில் வராத போன். ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றார். "தூக்கம் வரல. சும்மாதான் கூப்பிட்டேன்."

மெஷினில் அன்றைய ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றேன்.